பேச்சியம்மாளின் டிரம்மில் நான் வைத்த ஒட்டு

போன ஞாயிற்றுக்கிழமை, ஆசைக்கு வெல்டிங் பழகுகிற உங்களில் ஒருவர் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டித் தாம் வைத்த ஒட்டின் படத்தைக் காட்டினார். எவர்சில்வர் தகடு இரண்டைச் சேர்த்து ஆர்கான் வெல்டிங்கில் வைத்த ஒட்டு. ஒரே அகலம், ஒரே இடைவெளி, ஓரத்தில் லேசான பொன்னிறம். பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஓய்வு பெற்றவன் பொறாமைப்படக் கூடாது என்று அரசாணை எதுவும் வரவில்லை, அதனால் தாராளமாகப் பட்டுக்கொண்டேன். "சார், ஒங்க காலத்துல இப்படி வந்திருக்கா?" என்று அவர் கேட்டார். வந்திருக்கிறது. ஒரே ஒரு முறை, இதைவிட அழகாகவே வந்திருக்கிறது. அதை நானே ரம்பம் வைத்து அறுத்தேன். அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். எனக்கு உட்கார்ந்து எழுதினால்தான் கோர்வையாக வரும். தொழில் அப்படி.

என் தொழில் தட்டச்சு. திருநெல்வேலியில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் விசைகளைத் தட்டியவன். பிழையில்லாத தாள், நேரான ஓரம், ஒரே அழுத்தம், இவைதான் என் பெருமை. மற்றவர்கள் அடித்த தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் குறை கண்டுபிடிப்பேன். இந்தக் குணத்தால் அலுவலகத்தில் எனக்கு நண்பர்கள் குறைவு. இப்போதும் குறைவுதான், உங்களைச் சேர்க்காமல்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், வீட்டு இட்லிச் சட்டியின் கைப்பிடி கழன்றுபோய், தச்சநல்லூரில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கேதான் முதல்முதலாக ஆர்கான் வெல்டிங்கைப் பார்த்தேன். பொறி பறக்கவில்லை, புகை இல்லை, படபடவென்று சத்தம் இல்லை. ஒரு கையில் நெருப்பு, மறு கையில் கம்பி. கம்பியைத் தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, அந்த மனிதர் தையல் போடுவதுபோல நகர்ந்துகொண்டே போனார். தொட்டு எடுக்கிற அந்தத் தாளம் எனக்குத் தெரிந்த தாளம். சட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், மனசு அங்கேயே கிடந்தது.

பட்டறைக்காரருக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். என்னைவிடப் பத்து வயது இளையவர். கடற்கரை ஊர்க்காரர். கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை கற்றவர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், "என்னையெல்லாம் எதுக்கு சார் எழுதுதீய?" என்று சண்டைக்கு வந்துவிடுவார். ஞாயிறு காலை பூசைக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குக் கொட்டகையைத் திறப்பார். அன்று பெரிய வேலை எடுக்கமாட்டார். அந்த நேரத்தை எனக்கும், டவுண் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற சங்கரலிங்கத்துக்கும் விட்டுக்கொடுத்தார். கம்பியும் கேஸும் எங்கள் செலவு. இயந்திரமும் பொறுமையும் அவருடையது. எங்களுக்கு எந்தப் பிழைப்பும் இதில் இல்லை. ஒட்டு அழகாக வரவேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு இது புரியும். என் மனைவிக்குக் கடைசி வரை புரியவில்லை.

"ரெண்டு துண்டு தகரத்த ஒட்டுதீய. அடுத்த வாரம் வெட்டி மறுபடியும் ஒட்டுதீய. இதுக்குப் பேசாம வீட்டுல அரிசி பொடைச்சித் தரலாம்லா" என்பாள்.

முதல் வருடம் எப்படிப் போனது என்று விரிவாகச் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு எப்படிப் போகிறதோ அப்படித்தான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆனி மாதம், செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வீசி அடிக்கிற சமயம். மூன்று வாரம் தொடர்ந்து என் ஒட்டு கறுத்துப்போய், ஊசியால் குத்தியதுபோல ஓட்டை ஓட்டையாக வந்தது. கையில் கோளாறா, கம்பியில் கோளாறா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். சங்கரலிங்கம் ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்.

"சிலிண்டர்ல தண்ணிய ரொப்பிக் குடுத்திருக்கான்வே. திருப்பிக் குடும்."

பட்டறைக்காரர் ஒரு சாக்கை எடுத்துவந்து மேற்குச் சன்னலில் தொங்கவிட்டார். "இப்ப வையுங்க சார்" என்றார். ஒட்டு பளிச்சென்று வந்தது. "கேஸ் வந்துக்கிட்டுதான் இருக்கு. உருகின எடத்த அது போர்வை மாதிரி மூடும். ஒங்க போர்வைய காத்து உருவிட்டுப் போகுது, வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்றிலிருந்து எனக்குக் காற்றுதான் எதிரி. சன்னல், கதவு, கூரை இடுக்கு எல்லாவற்றிலும் சாக்கு. கொட்டகைக்குள் ஈ பறந்தாலும் எனக்குச் சந்தேகம். எதிரியை முழுதாகத் தெரிந்துகொண்டுவிட்டேன் என்று நினைத்தேன். பாதிதான் தெரிந்திருந்தது.

இரண்டு வருடம் துண்டுத் தகடுகளோடு மல்லுக்கட்டிய பிறகு, உருப்படியாக ஒரு பொருள் செய்துபார்க்க ஆசை வந்தது. அதற்கு ஆள் தானாகவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பேச்சியம்மாள், எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர். சீவலப்பேரியில் ஏழெட்டு வீட்டுப் பாலை வாங்கி, முதல் டவுண் பஸ்ஸில் ஏறி, தச்சநல்லூரில் இறங்கி வீடு வீடாக ஊற்றுவார். சாயங்காலக் கறவை ஊருக்குள்ளேயே போய்விடும். கணவர் இல்லை. கல்லூரியில் படிக்கிற மகளின் படிப்பு முழுக்க அந்தப் பாலில்தான் ஓடியது. அலுமினியக் கேனைத் திறந்து உழக்கால் மொண்டு ஊற்றுவார். எங்கள் தெருவில் சில பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. கை படுகிறது, பஸ் தூசி விழுகிறது என்று முகம் சுளிப்பார்கள். ஒரு நாள் ஒரு வீட்டில் அதை நேராகவே சொல்லிவிட்டார்கள் என்று என் மனைவியிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான் உள்ளேயிருந்து துள்ளிக்கொண்டு வந்தேன். "பேச்சியம்மா, குழாய் வச்ச டிரம் ஒண்ணு செஞ்சி தாரேன். மூடிய தெறக்கவே வேண்டாம். குழாயத் திருகுனா பால் வரும்" என்றேன். "அண்ணாச்சி, அது வெலை கூடுமே" என்றார். டிரம்மை வாங்கிக் கொடுத்தால் போதும், செய்து தருவது என் பொறுப்பு என்றேன். அவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் இருந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக, ஊர் பார்க்கிற மாதிரி ஓர் ஒட்டு வைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போது கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அமைப்பு எளிது. எவர்சில்வர் டிரம்முக்கு மூன்று குட்டைக் கால்கள். அடியில் நடுவே ஒரு துளை, அதிலிருந்து விரற்கடை அளவு கீழே இறங்குகிற குழாய். அது வளைந்து முன்பக்கம் வந்து திருகுகுழாயில் முடியும். அடியிலிருந்து இறங்குவதால் கடைசிச் சொட்டுப் பால்கூடத் தங்காது. அந்த வளைவுக்காகக் குழாயைச் சாய்வாக அறுத்து, இரண்டு துண்டையும் எல் மாதிரிச் சேர்த்து ஒட்ட வேண்டும். வேலையில் கஷ்டமான இடம் அதுதான்.

கால்களை ஒட்டி முடித்த சமயத்தில் பட்டறைக்காரர் ஊர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டார். சாவியை என்னிடம் தந்து, "சார், மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க. அந்த வளைவ மட்டும் தொடாதீய. நான் வந்த பொறவு சேந்து வைப்போம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். என் கைமீது நம்பிக்கை இல்லாமல் சொல்கிறார் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் சங்கரலிங்கமும் மட்டும் கொட்டகையில். சாக்குகளைத் தொங்கவிட்டாயிற்று. எல்லாம் முடிந்து வளைவு மட்டும் பாக்கி. கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பது? எடுத்தேன், வைத்தேன். அன்று என் கைக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, குழாயைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தேன். முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், கைதேர்ந்த ஒருத்தர் சுற்றின கைமுறுக்கு மாதிரி இருந்தது. ஒரு முறுக்கு பெரிது, ஒரு முறுக்கு சிறிது என்று சொல்ல முடியாது. சங்கரலிங்கம் பேச்சற்றுப்போய் நின்றார். அவர் பேச்சற்று நிற்பது சாதாரணமாக நடக்கிற காரியம் அல்ல.

"என்னவே இது, மிஷின்ல போட்டது மாதிரி இருக்கு!" என்றார் பிறகு.

டிரம்மில் பொருத்துவதற்கு முன்னால் அந்த வளைவை ஒரு செய்தித்தாளில் சுற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். மேலதிகாரிகூட எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார். அந்த வாரமே, வேலை முடிந்ததும் சாயங்காலங்களில் போய் வளைவை டிரம்மில் பொருத்தி, சனிக்கிழமை பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஊரிலிருந்து திரும்பிய பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "வளைவையும் நீங்களே வச்சிட்டீயளா? சரி. உள்ளார பாத்தீயளா?"

நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இருபுறமும் டார்ச் லைட் அடித்து எட்டிப் பார்த்தால் அரை நிமிட வேலை. "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான் காரணம். அலுவலகத்தில் மேல்தாள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அடியிலிருக்கிற கார்பன் நகலைப் புரட்டிப் பார்க்காமல் நான் கையெழுத்துக்கு அனுப்பியதே கிடையாது. கார்பனைத் தலைகீழாக வைத்துவிட்டு நகலே விழாமல் அடித்த எத்தனையோ பேரைக் கேலி செய்தவன். அப்படிப்பட்டவன் சொன்ன பதில் அது.

முதல் இரண்டு வாரம் பேச்சியம்மாளுக்கு ஏக மரியாதை. முகம் சுளித்த பெண்களே குழாயைத் திருகிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். புதிதாக நாலைந்து வீடு சேர்ந்தது. மூன்றாவது வாரம் எங்கள் வீட்டில் பால் திரிந்தது. அடுப்பில் வைத்து நுரை கூடுவதற்குள் தண்ணீர் தனியாக, திப்பி தனியாக. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும். பக்கத்து வீட்டிலும் அப்படியே. நேற்றுப் பாலைக் கலந்து ஊற்றுகிறாள் என்று தெருவில் பேச்சு எழுந்தது. மூன்று வீட்டில் பாலை நிறுத்திவிட்டார்கள்.

பேச்சியம்மாள் என்னென்னவோ செய்துபார்த்தார். டிரம்மைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவினார், வெயிலில் கவிழ்த்தார். குழாய் வழியாகவும் வெந்நீர் ஊற்றினார். அப்புறமும் திரிந்தது. ஒரு ஞாயிறு காலை எங்கள் வீட்டுப் படியில் டிரம்மை இறக்கியவர், என் மனைவியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நேத்து சாயங்காலம் எங்க மைனிய வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன்" என்றார்.

மைனி என்றால் அவருடைய அண்ணன் மனைவி. சீவலப்பேரியில் ஒரே தெருவில் இருக்கிறார். டிரம்மில் பாதிப் பால் மைனி வீட்டுப் பசுவினுடையது. கணவர் இறந்த சமயத்தில் பேச்சியம்மாளுக்குப் பால் வியாபாரத்தைச் சொல்லிக்கொடுத்து, முதல் ஆறு மாதம் சும்மாவே பால் தந்தவர் அந்த மைனிதான் என்று முன்பு பலமுறை சொல்லியிருக்கிறார்.

"மத்த வீட்டுப் பாலத் தனித்தனியா காச்சிப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல. மைனி பாலக் காச்சிப் பாக்க மட்டும் மனசு வரல. அதனாலயே அதுதான்னு தோணிட்டு. என்னத்தக் கலக்குதன்னு கேட்டுட்டேன். அவ ஒரு வார்த்த பேசலக்கா. கதவச் சாத்திக்கிட்டா. இன்னைக்கு அண்ணன் கொண்டாந்து தந்ததுதான் கடைசி. நாளையிலேருந்து அவ பால் எடுக்க மாட்டேன்."

"டிரம்ல ஏதும் இருக்குமோ?" என்று என் மனைவி கேட்டாள். நான் அப்போது செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீயக்கா. அண்ணாச்சி எனக்குச் செஞ்சதுக்கு, டிரம்மக் குத்தம் சொன்னா என் நாக்கு அழுகிரும்" என்றார் பேச்சியம்மாள்.

நான் சமாதானமாகவே பட்டறைக்குப் போனேன். மைனி பாலில்தான் கோளாறு என்று நானும் நம்பத் தயாராகவே இருந்தேன். நம்புவது எனக்கு வசதி.

அன்று பட்டறைக்காரர் ஓர் உணவு விடுதிக்கான குழாய் வேலையை முடித்துக்கொண்டிருந்தார். குழாயின் இரண்டு வாயிலும் செய்தித்தாளை அடைத்து, ஒரு பக்கம் சின்ன ரப்பர் குழாயைச் செருகி உள்ளேயும் கேஸை விட்டுக்கொண்டிருந்தார். வீணாக எதற்கு உள்ளே விடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மேல காத்து படாம கையில புடிக்கிற கன்ல வார கேஸ் மூடிரும். உள்பக்கமும் உருகத்தானே செய்யுது? அங்கன யாரு மூடுவா?" என்று சொல்லி, உள்ளே கேஸ் விடாமல் ஒட்டிய ஒரு பழைய குழாய்த் துண்டைத் தேடியெடுத்துத் தந்தார். வெளியே வெள்ளி. உள்ளே அடிபிடித்த சட்டி மாதிரி கறுப்பாகப் பொரிந்து, நகத்தால் நெருடினால் சொரசொரவென்று இருந்தது. "கப்பல்ல தண்ணிக் குழாய்னா பரவாயில்ல. திங்கிற பண்டம், குடிக்கிற பண்டம் போற குழாய்னா இதுல போய் ஒட்டிக்கிட்டு அழுகும். எவ்வளவு கழுவினாலும் போகாது" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். என் பதில் பொய் என்று அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

சங்கரலிங்கம் என்னை வெளியே கூட்டிக்கொண்டுபோனார்.

"பதறாதீரும்வே. மெருகு போட்டுத் தாரேன்னு சொல்லி டிரம்ம வாங்கிட்டு வாரும். இன்னைக்கே சரி பண்ணிருவோம். ஒரு குஞ்சுக்கும் தெரியாது."

நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. உங்களிடம் மறைப்பானேன், மிகவும் நல்ல யோசனை என்று தோன்றியது. பேச்சியம்மாள் பால் ஊற்றி முடித்து, கடைத்தெருவுக்குப் போய்விட்டுப் பதினொன்றரை பஸ்ஸுக்குத்தான் நிற்பார். என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். நிறுத்தத்தில் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேச்சியம்மா, டிரம் மங்கின மாதிரி இருக்கு. குடுங்க, மெருகு போட்டு நாளைக்குக் காலையில தந்திருதேன். அதுவரைக்கும் பழைய கேன வச்சிக்கிடுங்க" என்றேன். குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"எதுக்கண்ணாச்சி ஒங்களுக்குச் செரமம்?" என்றவர், டிரம்மை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நாளையிலேருந்து பாருங்க, பால் திரியாது. மைனி பால நிறுத்திட்டேன்லா. அக்காட்டச் சொல்லிருங்க" என்றார்.

திரியாதுதான். நான் இன்று குழாயைச் சரிசெய்துவிட்டால் நாளைக்குப் பால் திரியாது. நாளைக்கு மட்டும் அல்ல, என்றைக்குமே திரியாது. மைனி பாலை நிறுத்திய நாளிலிருந்து பால் நல்லதாகிவிட்டது என்று பேச்சியம்மாள் சாகிறவரை சொல்லிக்கொண்டிருப்பார். தெருவும் சொல்லும். அந்த மைனிக்குத் தான் கலக்கவில்லை என்று தெரியும், ஆனால் அதை நிரூபிக்க இந்த உலகத்தில் அவரிடம் ஒன்றும் இருக்காது. என் ஒட்டைக் காப்பாற்ற அதைவிடக் கச்சிதமான வழி கிடையாது.

பஸ் வந்து நின்றது. பேச்சியம்மாள் எழுந்தார். கண்டக்டர், "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று கத்தினார்.

"ஏறாதீங்க. மைனி மேல தப்பில்ல. டிரம்லதான் கோளாறு. நான் வச்ச ஒட்டுலதான்" என்றேன்.

பஸ் போய்விட்டது. அவர் நம்பவில்லை. ஏதோ பெருந்தன்மையில் பழியை நான் ஏற்றுக்கொள்வதாக நினைத்து, "சும்மா இருங்கண்ணாச்சி" என்றார். பட்டறைக்குக் கூட்டிக்கொண்டுபோனேன். பட்டறைக்காரர் எங்களைப் பார்த்ததும் இரும்பு ரம்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அவரே அறுத்திருக்கலாம். கொடுத்தது நல்லதாயிற்று.

வளைவை டிரம்மிலிருந்து திருகிக் கழற்றி, அந்தக் கைமுறுக்கின் நடுவே நீளவாக்கில் ரம்பத்தை வைத்தேன். முதல் இழுப்புக்கு மட்டும் கை வரவில்லை. இரண்டு பாதியாக விழுந்ததும் நாற்றம் வந்தது. கறுத்துப் பொரிந்த ஒட்டின் இடுக்கெல்லாம் மஞ்சளாகப் பால் கட்டிப்போயிருந்தது. பேச்சியம்மாள் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மைனி என்னப் பாத்த பார்வ இருக்கே" என்றார், வேறு யாரிடமோ பேசுவதுபோல. பிறகு நிமிர்ந்து, "பால் நிறுத்தின மூணு வீட்டுக்கும் நீங்க வந்து சொல்லணும். சீவலப்பேரிக்கும் வரணும். நான் சொன்னா அவ நம்ப மாட்டா" என்றார். வருகிறேன் என்றேன்.

புது வளைவையும் என்னையே வைக்கச் சொன்னார் பட்டறைக்காரர். உள்ளே கேஸை விட்டு, இரண்டு வாயையும் அடைத்து வைத்தேன். இரண்டு தொடுதலுக்கு ஒருமுறை நிறுத்தி, உள்ளே கேஸ் போகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒரு இடத்தில் பெருத்து, ஒரு இடத்தில் சிறுத்து, கற்றுக்குட்டியின் கையெழுத்து மாதிரி வந்தது. டார்ச் லைட் அடித்து உள்ளே பார்த்தேன். பேச்சியம்மாளையும் பார்க்கச் சொன்னேன். சங்கரலிங்கமும் பார்த்தார். உள்ளே சுத்தமாக, பளபளவென்று இருந்தது. அந்தக் கோணல் ஒட்டு டிரம்மில் பல வருடம் பால் ஊற்றியது. அதை நான் யாருக்கும் செய்தித்தாளில் சுற்றிக் காட்டவில்லை.

மூன்று வீடுகளுக்கு மறுநாள் போனேன். ஒரு வீட்டில் சிரித்தார்கள், ஒரு வீட்டில் காப்பி தந்தார்கள், ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அதில் சொல்ல அதிகம் இல்லை. சீவலப்பேரிக்கு மட்டும் அன்றே, இரண்டு மணி பஸ்ஸிலேயே போனோம். டிரம் பேச்சியம்மாள் மடியில், அறுத்த பாதிகள் இரண்டும் என் சட்டைப் பையில். வழியெல்லாம் நான் ஒரு மன்னிப்புப் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன். நல்ல நடையில், பத்தி பிரித்து, அலுவலகக் கடிதம் மாதிரி.

மைனி வீட்டுக்குப் பின்னால் தொழுவத்தில் பசுவுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, கண்டிப்பான முகம். பேச்சியம்மாளைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார். தயார் செய்த பேச்சு முழுவதும் எனக்கு மறந்துபோயிற்று. பையிலிருந்து இரண்டு பாதியையும் எடுத்து நீட்டினேன்.

"பால் திரிஞ்சது இதால. டிரம்முக்கு இந்தக் குழாய ஒட்டினது நான்தான். உள்ள பாக்காம குடுத்துட்டேன். உங்க பால்ல ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வெளிப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்பக்கத்தை முகர்ந்து முகத்தைச் சுளித்தார்.

"பைய சரி பண்ணிக் குடுத்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது? இத எதுக்கு இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீய?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் கலக்கலன்னு உங்களுக்குத் தெரியும்லா. அதான் வந்தேன்."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகப் பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார்.

"என்னய மட்டுமா ஏசுன? மாட்டையும்லா சேத்து ஏசுன? போ. மொதல்ல அதுகிட்டச் சொல்லு."

பேச்சியம்மாள் உண்மையிலேயே போனார். டிரம்மைக் கீழே வைத்துவிட்டு, பசுவின் கழுத்துக்குப் பக்கத்தில் நின்று, "ஏ தாயீ, ஒன் மேல தப்பு இல்ல தாயீ" என்று தொடங்கியவர், அதற்குமேல் முடியாமல் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். பசு வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது. மைனி அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பிலேயே அவர் கண்ணும் நிறைந்துவிட்டது. நான் வைக்கோல் போரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் பார்வை தெளிவாக இல்லை.

"போதும்ட்டீ, மாடு பயந்துரப் போகுது" என்றார் மைனி. பிறகு காலால் டிரம்மைப் பேச்சியம்மாள் பக்கம் தள்ளினார். "கறவைக்கு நேரமாச்சி. டிரம்மக் கழுவி எடுத்துட்டு வா."